போர் முடிந்தது... மனசுக்குள் முடியவில்லை!



'ஸ்ட்ரெஸ்' என்றால் நமக்குத் தெரிந்தது, லோடை ஏரியாவால் வகுத்தால் வருவது. மைல்டு ஸ்டீல் கம்பியை யீல்டு பாயிண்ட் தாண்டி இழுத்துட்டா, லோடை எடுத்தாலும் பழைய நீளத்துக்கு வராது. அதுக்காகக் கம்பியை யாரும் கோழை என்று திட்டுவதில்லை. ஆனால் மனுஷனைத் திட்டியிருக்கிறார்கள். சுட்டும் கொன்றிருக்கிறார்கள்.

முதல் உலகப்போரில் குண்டு மழைக்கு நடுவே கிடந்த சிப்பாய்கள் பலருக்குக் கை நடுங்கியது, பேச்சு நின்றது, தூக்கம் போனது. உடம்பில் காயமே இல்லை. 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 'லான்செட்' மருத்துவ இதழில் இதை 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். அதே ஆண்டு ஹாரி ஃபார் என்ற சிப்பாய் இதற்காக ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினார்கள். 1916-ல் முன்னே போக முடியாது என்று மறுத்தார். கோழை என்று தீர்ப்பெழுதி, சொந்த ராணுவமே அவரைச் சுட்டது. 2006-ல்தான் அவரையும் சேர்த்து, ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. அப்போது அவர் மகளுக்கு வயசு 93!

வியட்நாம் போர் முடியும் முன்பே, 1970-ல், ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் நியூயார்க்கில் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் லிஃப்டன் போன்ற மனநல டாக்டர்கள் கூட இருந்து கேட்டார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 'போஸ்ட் ட்ரமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர்' என்ற பெயரைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1980-களின் பிற்பகுதியில் கணக்கெடுத்தபோது, வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 100-க்குச் சுமார் 15 பேருக்கு அப்பவும் இந்த நோய் இருந்தது. போர் முடிந்ததோ 1975-ல்!

இதன் அடையாளங்கள் நான்கு:

1. நடந்தது கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வரும்.
2. அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்குவார்கள்.
3. 'நான்தான் காரணம்' என்ற குற்ற உணர்ச்சி இருக்கும். பாசம், சந்தோஷம் மரத்துப்போகும்.
4. எந்நேரமும் உஷாராகவே இருப்பார்கள். சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடுவார்கள், சட்டென்று கோபம் வரும்.

இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கம்பி தானாக மீளாது. மனுஷன் உதவி கிடைத்தால் மீள முடியும். பயிற்சி பெற்றவர் துணையோடு, பயந்த நினைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழகும் சிகிச்சை இருக்கிறது. மாத்திரையும் உண்டு. பலர் தேடிப்போகும் சாராயம் மட்டும் மருந்தல்ல.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்க ஊர்ல ஒருத்தர் இப்படி இருந்தா 'காத்து கருப்பு'ன்னு வேப்பிலை அடிப்பாங்க, இல்லேன்னா 'குடிகாரன்'னு ஒதுக்கிடுவாங்க. பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். தீபாவளி வெடிக்கு அவர்களில் ஒருத்தர் திடுக்கிட்டு ஒதுங்கினால் சிரிக்காதீங்க நண்பர்களே. பக்கத்துல உட்காருங்க. பேசினா கேளுங்க, பேசலேன்னா வற்புறுத்தாதீங்க. தூக்கமில்லாமல் தவிப்பது தெரிந்தால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாலெழுத்து படிச்ச நாம இதையாவது செய்யணும்.