வாடையோடு வந்த மங்கல்

கேள்வி: 2022 டிசம்பரில், மண்டோஸ் புயல் வந்த சமயம், தலைமன்னார் இறங்குதுறையில் நின்றால் எதிரே கடல் தெரியாத அளவுக்கு மூட்டமாயிருந்தது. பாடசாலைகளையும் மூடினார்கள். இந்தியாவிலிருந்து வந்த புகை என்றார்கள். நான் பனிமூட்டம் என்றே நினைத்தேன். செய்மதிப் படங்களைப் பார்த்தால் புகையும் புழுதியும் வருவதை முன்கூட்டியே அறியலாம் என்கிறான் என் மகன். அவ்வளவு உயரத்திலிருந்து புகை எது, பனி எது என்று பிரித்தறிய முடியுமா?
— ஒரு வாசகர், பேசாலை

பதில்: உங்கள் மகன் சொல்வதில் முக்கால் பங்கு மெய், சூட்சுமமெல்லாம் எஞ்சிய கால் பங்கில்தான் இருக்கிறது.

அந்த டிசம்பர் 8ஆந் தேதி நம் காற்று கெட்டு, மறுநாள் பாடசாலைகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டபோது, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் கூறிய காரணம், இந்தியப் பக்கத்து மாசுற்ற காற்று இங்கே இழுத்துவரப்பட்டது என்பதே. கங்கைச் சமவெளியில் அறுவடைக்குப்பின் வயல்களிற் கொளுத்தும் வைக்கோற்றாளின் புகையும், செங்கற்சூளை, அனல் மின்நிலையம், வாகனம், வீட்டடுப்பு ஆகியவற்றின் புகையும், வடக்கே இமயம் மதிலாய் நிற்க, குளிர்காலத்தில் மேலெழும்ப வழியின்றித் தாழ்ந்து கிடந்து, பின் வங்காள விரிகுடாவின்மீது தெற்கே இறங்குகின்றன. வாடைக்காற்று மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வீசுமானால் நாளொன்றுக்கு 600 கிலோமீற்றர். கங்கையின் கழிமுகத்திலிருந்து மன்னாருக்கு ஏறக்குறைய 1,700. ஆகவே மூன்று நாட் பிரயாணம். இது புதிய சங்கதியுமன்று. 1999இல் வீ. ராமநாதன் என்னும் தமிழ்நாட்டு விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் மாலைதீவைத் தளமாகக்கொண்டு ஆராய்ந்தபோது, இந்து சமுத்திரத்தின் வடபாகத்தின்மேல் சுமார் 3 கிலோமீற்றர் உயரம்வரை இத்தகைய பழுப்பு மூட்டம் பரவிக்கிடந்ததைக் கண்டார்கள்.

இனிப் பிரித்தறியும் விஷயம். தீயைக் காண்பது சுலபம்: எரியும் நிலம், 4 மைக்ரோன் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கிரணங்களைச் சூழலைவிட மிகுதியாக வீசுவதால், சுவோமி முதலிய செய்மதிகள் 375 மீற்றர் சதுரத்துக்குள் அதன் இருப்பிடத்தைக் குறித்துவிடுகின்றன; பனங்காட்டு மூலையில் எரியும் குப்பைமேடு மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். புகையின் துகள் ஒரு மைக்ரோனுக்கும் சிறிதாகையால் படத்தில் நீலச்சாயை படிந்த சாம்பல் நிறமாகத் தோன்றும். பாலைவனப் புழுதி பெருந்துகளாகையால் மஞ்சள் கலந்த பழுப்பாகத் தோன்றும். நிறத்தை மட்டும் நம்பாதவர்கள், 11 மைக்ரோனிலும் 12 மைக்ரோனிலும் அளக்கும் வெப்பநிலைகளின் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். அது புழுதிக்கு ஒருவிதமாகவும் மெல்லிய மேகத்துக்கு நேரெதிராகவும் அமைவது இயற்கையின் உபகாரம். உங்கள் சந்தேகத்துக்குப் பரிகாரமோ புறவூதாக் கிரணங்களில் இருக்கிறது: புகையும் புழுதியும் அவற்றை விழுங்கும், பனியும் மேகமும் விழுங்கா. 2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி இதை நாள்தோறும் அளந்துவருகிறது. ஆயினும் நீங்கள் பனியென்று நினைத்ததும் முழுப் பிழையன்று. ஈரம் மிகுந்த காற்றில் புகைத்துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், அப்போது இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடும்.

நம் கடலிலேயே ஒரு பொறியிருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணற்றிட்டுகளும், அலை கலக்கிய பாக்குநீரிணையின் ஆழமற்ற நீரும், படத்தில் புழுதி படர்ந்ததுபோலவே வெளிறித் தோன்றும். கடல்மேற் சூரியப்பிரகாசம் கண்ணாடிபோல் எதிரொளிக்கும் வேளையில் மயக்கம் இரட்டிப்பாகும். முதல்நாள் படத்தோடும் அதற்கு முதல்நாள் படத்தோடும் ஒப்பிட்டு, திட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறதா, நகர்கிறதா என்று பார்க்கவேண்டும். நகராத புழுதி மணலேயன்றி வேறில்லை. இது தெரியாமல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இப்போது அந்தக் கால் பங்கு. செய்மதி காண்பது நிலத்திலிருந்து ஆகாயம்வரையுள்ள காற்று முழுவதையும் ஒரே தட்டையாகத்தான்; அதில் எவ்வளவு உங்கள் மூக்கின் உயரத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. லேசர் ஒளியால் அடுக்கடுக்காக அளந்த கலிப்சோ செய்மதியும் 2023இல் பணி முடித்துக்கொண்டது. மேகம் மூடிய நாளிலோ கீழே நடப்பதே தெரியாது. புயல் சமீபித்த நாட்களில் படத்தில் நாம் தேடும் இடமெல்லாம் பெரும்பாலும் வெண்மேகமாகத்தான் இருக்கும். ஆகவே படம் சாட்சியமேயன்றித் தீர்ப்பன்று. புழுதியெல்லாம் தூரதேசத்திலிருந்து வருவதுமன்று: சோளகக் காலத்தில் உங்கள் வாசலில் வந்து குவிவது பெரும்பாலும் நம் கரை மணல்தான்; அது கனத்த துகளாதலால் வெகுதூரம் போகாமலே விழுந்துவிடும்.

செய்மதி சொல்லாத நிலமட்டத்து மூட்டத்தை அறிய நீங்களே உதவலாம். தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனிக் காற்றாலைகள் முப்பது. அடுத்த வாடைக் காலத்தில், செய்மதி நம்மைக் கடக்கும் பிற்பகல் ஒன்றரை மணியளவில், நீங்கள் நிற்குமிடத்திலிருந்து எத்தனை காற்றாலைகள் தெரிகின்றன என்று எண்ணி, தேதியோடு எனக்கு எழுதுங்கள். அன்றைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.