சுவரில் மலர்ந்த வாழ்க்கை

நுழையும் முன்

கலை என்றவுடன் மேடையும் அரங்கமும் அருங்காட்சியகமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நம் வீட்டு வாசலிலும் நாள்தோறும் ஒரு கலை பிறக்கிறது. காலடி பட்டு அழிகிறது. மறுநாள் மீண்டும் பிறக்கிறது. அன்றாட வாழ்வோடு இணைந்த கலை, மனிதருக்கு இன்பத்திலும் துன்பத்திலும் எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

வாசலில் தொடங்கும் கலை

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுவது தமிழர் வழக்கம். புள்ளிகளை வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றிக் கோட்டினை வளைத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பது சிக்குக்கோலம். ஒரு புள்ளி தவறினாலும் கோலம் கலைந்துவிடும். ஆதலால், கோலமிடும் அந்தச் சில நிமிடங்களில் கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபடுகின்றன. மனம் அமைதி பெறுகிறது. பச்சரிசி மாவினால் இட்ட கோலம் எறும்புகளுக்கும் உணவாகிறது.

இத்தகைய தரைக்கோலங்கள் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. மகாராட்டிரத்தில் ரங்கோலி, வங்காளத்தில் அல்பனா, பீகாரின் மிதிலைப் பகுதியில் அரிபன் எனப் பல பெயர்களில் அவை வழங்குகின்றன. மிதிலைப் பெண்கள் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் அரிபன் வரைவர். வீட்டின் மண்சுவர்களிலும் ஓவியம் தீட்டுவர். மதுபனி ஓவியம் என உலகம் இன்று போற்றுவது அச்சுவர் ஓவியத்தையே.

மிதிலையின் சுவர்கள்

திருமணக் காலத்தில் மணமக்களுக்குரிய அறையின் சுவரில் தாமரை, மூங்கில், மீன், கிளி, ஆமை, கதிரவன், திங்கள் ஆகியவற்றை வரைந்து வாழ்த்துவது மிதிலை மக்களின் மரபு. விளக்குக்கரியிலிருந்து கருமையும், மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறமும், அவுரியிலிருந்து நீலமும் கிடைத்தன. மூங்கில் குச்சியே தூரிகை. தாயிடமிருந்து மகள் கற்றாள். மகளிடமிருந்து பேத்தி கற்றாள்.

1934ஆம் ஆண்டு பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. சேதங்களைப் பார்வையிடச் சென்ற ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஆர்ச்சர், இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் இவ்வோவியங்களைக் கண்டு வியந்தார். அதுவரை அவை வீட்டாருக்காகவே வரையப்பட்டவை. விற்பனைக்காகவோ பரிசுக்காகவோ வரையப்பட்டவை அல்ல.

வறட்சியில் கைகொடுத்த கலை

1966-67ஆம் ஆண்டுகளில் பீகாரைக் கடும் வறட்சி வாட்டியது. வயல்கள் காய்ந்தன, மக்கள் உணவின்றி வருந்தினர். அப்போது அகில இந்தியக் கைவினை வாரியத்தின் சார்பில் புபுல் ஜயகர், பாஸ்கர் குல்கர்ணி என்னும் ஓவியரை மிதிலைக்கு அனுப்பினார். அவர் பெண்களிடம் தாள்களை அளித்து, சுவரில் வரைவதைத் தாளில் வரையுமாறு வேண்டினார். அத்தாள் ஓவியங்கள் விலைபோயின. குடும்பங்களுக்கு வருவாய் கிடைத்தது. வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த பெண்களின் பெயர்கள் நாடெங்கும் அறியப்பட்டன. ஜகதம்பா தேவி 1975இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வீட்டுவேலை செய்து பிழைத்துவந்த துலாரி தேவி, தாம் வேலை செய்த ஓவியரின் இல்லத்திலேயே இக்கலையைக் கற்று, 2021இல் அவ்விருதைப் பெற்றார்.

நோயிலும் துணைநின்ற தூரிகை

மிதிலை ஓவியர்களுள் கங்கா தேவி குறிப்பிடத்தக்கவர். மெல்லிய கோடுகளால் வரைவதில் வல்லவர். 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இவர், பின்னர்ப் புற்றுநோயால் துன்புற்றுப் புதுதில்லியில் சிகிச்சை பெற்றார். அந்நாளிலும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. மருத்துவமனை, மருத்துவர், தம் நோய்ப்படுக்கை ஆகியவற்றையே ஓவியங்களாக்கினார். மீனும் தாமரையும் வரைந்த அதே கோடுகள் அவருடைய வலியையும் பேசின. 1991இல் அவர் மறைந்தார். கலை அவருடைய நோயைத் தீர்க்கவில்லை. ஆயினும், நோயின் நடுவிலும் தாம் ஓர் ஓவியர் என்னும் நிமிர்வை இறுதிவரை அவருக்கு அளித்தது.

நமக்குரிய கலை

மாணவர்களே! கோலமிடும் தாயும் தாலாட்டுப் பாடும் பாட்டியும் பூத்தொடுக்கும் அத்தையும் கலைஞர்களே. அவர்கள் எவரும் பரிசை எதிர்பார்ப்பதில்லை. பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, வாசலில் இடும் சிறு கோலமும் ஊரின் நினைவைத் தருகிறது. அண்டை வீட்டாரோடு பேசவும் வழிவகுக்கிறது. நாள்தோறும் சிறிது நேரம் வரையுங்கள், பாடுங்கள். நன்றாக வருகிறதா என்று அஞ்ச வேண்டாம். இன்பநாளில் பழகிய கலை, துன்பநாளில் நம்மைத் தாங்கும்.

சொல்லும் பொருளும்

தூரிகை – ஓவியம் தீட்டும் கோல்
அவுரி – நீலச்சாயம் தரும் செடி
வறட்சி – மழையின்மையால் வரும் வாட்டம்
நிமிர்வு – தலைநிமிர்ந்து நிற்கும் பெருமிதம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: பச்சரிசி, நிலநடுக்கம், இவ்வோவியங்கள்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மிதிலைப் பெண்கள் வண்ணங்களை எவற்றிலிருந்து பெற்றனர்?
2. வறட்சிக் காலத்தில் ஓவியக்கலை மிதிலை மக்களுக்கு எவ்வாறு உதவியது?

இ. சிந்தித்து எழுதுக: கங்கா தேவி தம் நோய்ப்படுக்கையை ஏன் ஓவியமாக வரைந்திருப்பார்?

ஈ. செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் அறிந்த கோலத்தையோ பாடலையோ கற்றுக்கொள்க. அதை அவர் யாரிடம் கற்றார் என்பதைக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.