ரயில் கம்பனி செய்யும் காணி வியாபாரம்

மாணிக்கக் கல் வியாபாரத்துக்காக ஹொங்கொங் போய்வரும் நம்மவர்களுக்கு நாதன் வீதி பழக்கப்பட்ட இடம். சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடமும் கவுலூன் பள்ளிவாசலும் அந்த வீதியில்தான் இருக்கின்றன. பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே சுரங்க ரயிலுக்கு இறங்கும் படிகள். அந்த ரயிலில் ஏறி இறங்கும் நாம், அதை ஓட்டும் கம்பனி எப்படிப் பிழைக்கிறது என்று யோசிப்பதில்லை. வியாபாரிகள் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு அது.

எம்.டி.ஆர். எனப்படும் இந்த ரயிலுக்கான கூட்டுத்தாபனத்தை ஹொங்கொங் அரசாங்கம் 1975இல் அமைத்தது. 1979 ஒக்டோபர் 1ஆம் திகதி ஷெக் கிப் மெய்க்கும் குவுன் டொங்குக்கும் இடையில் சேவை தொடங்கியது. அவ்வருடம் டிசம்பரில் நாதன் வீதிக்கு அடியால் சிம் ஷா சுயி வரையும், 1980 பெப்ரவரியில் கடலுக்கு அடியால் ஹொங்கொங் தீவு வரையும் பாதை நீண்டது. 1982இல் சுவென் வான் பாதை, 1985இல் தீவுப் பாதை, 1998இல் விமான நிலையப் பாதை. 1910 முதல் ஓடிவந்த பழைய கவுலூன் - கன்டன் ரயில் சேவையும் 2007இல் இவர்கள் கைக்கு வந்தது. இப்போது விமான நிலையப் பாதையோடு சேர்த்து 10 பாதைகள்.

சுரங்கம் தோண்டுவது இலேசான செலவா? டிக்கட் காசை மட்டும் நம்பியிருந்தால் போட்ட முதலை எடுக்கவே ஒரு தலைமுறை போய்விடும். ஆனால் ரயில் வந்தால் பக்கத்துக் காணியின் விலை ஏறுகிறது. பல நகரங்களில் அந்த ஏற்றம் ஒரு சதமும் செலவழிக்காத காணிச் சொந்தக்காரருக்குப் போய்விடுகிறது. ஹொங்கொங்கில் காணி அநேகமாக அரசாங்கத்துடையது. மற்றவர்கள் குத்தகைக்கே எடுக்கிறார்கள். அதனால் நிலையங்களுக்கு மேலும் அருகிலும் கட்டடம் கட்டும் உரிமையை அரசாங்கம் ரயில் கம்பனிக்கே கொடுத்தது. அதுவும் ரயில் வராவிட்டால் அந்தக் காணி என்ன பெறுமோ அந்த விலைக்கு.

ஒரு பேச்சுக்கு, ரயில் இல்லாமல் 100 ரூபாய் பெறும் காணி நிலையம் வந்ததும் 160 ரூபாய் பெறுகிறது என்று வைப்போம். இடையிலுள்ள 60 ரூபாய்தான் சுரங்கத்துக்கான முதல். கட்டும் செலவைக் கட்டட நிர்மாணக் கம்பனி ஏற்கிறது. வீடுகள் விற்றதும் இலாபத்தில் ரயில் கம்பனிக்குப் பங்கு. கடைத்தொகுதிகளில் பலவற்றை விற்காமல் வைத்துக்கொண்டு வாடகை எடுக்கிறது. கவுலூன் பேயில் ரயில்களை நிறுத்தும் பணிமனையின் கூரைக்கு மேலேயே ஒரு குடியிருப்பு எழும்பியது. 484 மீற்றர் உயரமான ஐ.சி.சி. கட்டடம் நிற்பது கவுலூன் நிலையத்தின் மேல். 2000 ஒக்டோபரில் கம்பனியின் பங்குகள் சந்தைக்கு வந்தபோதும், ஏறத்தாழ முக்கால் பங்கை அரசாங்கமே வைத்துக்கொண்டது.

இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது. 2014இல் தீவின் மேற்குப் பக்கம் பாதையை நீட்டியபோது அங்கே கட்டுவதற்கு வெறுங்காணி இருக்கவில்லை. அரசாங்கம் காசாகவே கொடுக்க வேண்டி வந்தது. காணி விலை சரிந்தாலும் கணக்குப் பிழைக்கும்.

இனி நம்மைப் போன்றவர்களின் பக்கம். 1896இல் கட்டப்பட்ட பழைய கவுலூன் பள்ளிவாசல், 70களின் கடைசியில் நாதன் வீதியின் கீழே நடந்த சுரங்க வேலையால் பழுதடைந்தது. இன்று நாம் தொழும் பள்ளிவாசல், ரயில் கம்பனி கொடுத்த நஷ்டஈட்டோடு ஜமாஅத்தாரின் நன்கொடையும் சேர்ந்து 1984இல் எழுந்தது. இடமும் கட்டடமும் சொந்தமாக இருந்தபடியால் கேட்டு வாங்க ஒரு வழி இருந்தது. வாடகைக் கடைக்காரருக்கு அப்படியல்ல. அந்த மேற்குப் பாதை வந்த பிறகு சாய் யிங் பூன் பகுதியில் வாடகை ஏறி, பழைய சிறு கடைகள் சில இடம் பெயர்ந்தன. வருடக்கணக்காகத் தூசியையும் அடைத்த வீதியையும் சகித்தவர்கள், ஆள் நடமாட்டம் கூடிய நேரத்தில் வெளியேறினார்கள்.

வீதி அகலிப்போ புதிய பஸ் நிலையமோ வரப்போகும் இடத்தில் கடை எடுப்பவர், உடன்படிக்கை வேலை முடிந்த பிறகும் எத்தனை வருடம் செல்லும், வாடகை என்ன கணக்கில் கூடும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முற்பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

எம்.டி.ஆர். கடைத்தொகுதிகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. அடிப்படை வாடகை ஒன்று. விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அதற்கு மேல் ஒரு வீதம். அங்கே கடைக்காரரின் மாத விற்பனைக் கணக்கை ரயில் கம்பனியும் சேர்ந்தே பார்க்கிறது.