படைவீரராயிருந்து பிரதமரானவர்

நமது நாட்டின் மூன்றாவது பிரதமரான துன் உசேன் ஓன் அவர்கள், 1922-ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவில் பிறந்தவர். 1940-இல் ஜொகூர் இராணுவத்தில் சேர்ந்து, இந்தியாவின் டேராடூன் இராணுவக் கல்லூரியில் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படையின் அதிகாரியாக மத்திய கிழக்கு நாடுகளில் பணியாற்றினார்.

போருக்குப் பின் அம்னோ இளைஞர் பகுதிக்குத் தலைவரானார். அவருடைய தந்தையார் டத்தோ ஓன் ஜாபார், மலாய்க்காரர் அல்லாதாரையும் கட்சியில் சேர்க்க விரும்பினார். கட்சி அதனை ஏற்கவில்லை. 1951-இல் தந்தையாருடன் மகனும் வெளியேறினார். பதவி போயிற்று, ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. முப்பது வயதைக் கடந்த பின்னர் இங்கிலாந்தில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

1968-இல் துன் அப்துல் ரசாக் அவர்களின் அழைப்பை ஏற்று அம்னோவுக்குத் திரும்பினார். 1970-இல் கல்வி அமைச்சர், 1973-இல் துணைப் பிரதமர், 1976 ஜனவரியில் பிரதமர் எனப் பொறுப்புகள் உயர்ந்தன. 1981-இல் உடல்நலம் குன்றவே, தாமே பதவி விலகினார். 1990-இல் மறைந்த அவரை 'ஒற்றுமையின் தந்தை' என்று நாடு போற்றுகிறது.

இவர் வாழ்விலிருந்து நாம் கற்பன இரண்டு. படிப்பதற்கு வயது தடையன்று. பொறுப்பை ஏற்பதைப் போலவே, உரிய காலத்தில் அதனைப் பிறரிடம் ஒப்படைப்பதும் கடமையாகும். தோட்டத்துச் சங்கத்திலும் கோயில் நிர்வாகத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் பொறுப்பு வகிப்போர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.