பெருவழியும் பள்ளியும்

அறியாததைக் கற்பிக்க அறிந்ததிலிருந்து தொடங்குக என்பது, ஆசிரியப் பயிற்சியில் எமக்குச் சொல்லித் தந்த முதல் விதி. சாலை நாம் நாள்தோறும் காண்பது. அதன் வரலாறோ நாம் அறியாதது. ஆகவே சாலையோரத்துக் கல் ஒன்றிலிருந்து இப்பாடத்தைத் தொடங்குவோம்.

எழுத்தறியாதார்க்கும் எண்

தருமபுரி மாவட்டத்தில் பழைய வழிக்கல் ஒன்று கிடைத்துள்ளது. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். 'அதியமான் பெருவழி' என்னும் பெயரும், நாவற்றாவளம் என்னும் இடத்திற்கு 29 காதம் என்னும் செய்தியும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்துகளுக்குக் கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் உள்ளன. பெருங்குழி ஒவ்வொன்றும் பத்து; சிறுகுழி ஒவ்வொன்றும் ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரனும் குழிகளை எண்ணித் தொலைவை அறியலாம். இருட்டிலும் விரலால் தடவி அறியலாம். கல்லாதவனையும் கருத்திற் கொண்டு கல்நட்டவர் உள்ளம் எத்துணை உயர்ந்தது! நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் விளங்கும்படி பாடம் நடத்த வேண்டும் என்று நாங்கள் பயின்றதை, அக்கல் முன்பே செய்து காட்டியிருக்கிறது.

தாவளம் என்பது வணிகர் தங்கும் இடம். வண்டி மாடுகள் இளைப்பாறிய இடங்களில் பண்டம் கைமாறியது. பண்டம் கைமாறிய இடங்கள் பல நாளடைவில் சந்தையூர்களாயின. பெருவழியும் சந்தையும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்தன. இவ்விரண்டையும் சார்ந்து நின்ற மூன்றாவது ஒன்றும் உண்டு. அது நம் முன்னோர் போற்றிய பள்ளி.

குன்றில் எழுதிய பெயர்கள்

முனிவர் வாழ்ந்த குகைகள் என்றவுடன், மனிதர் நடமாட்டமற்ற அடர்காட்டையே நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். கல்வெட்டுகள் கூறுவது வேறு. மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில், கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாக அறிஞர் கொள்ளும் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரோடு, வெள்ளறை என்னும் ஊரின் 'நிகமம்' அளித்த கொடையும் அங்குக் குறிக்கப்பட்டுள்ளது. நிகமம் என்பது வணிகர் குழு. முனிவர் உறைவிடம் அங்கே 'பளி' எனப்படுகிறது, அதுவே பள்ளி. கற்கும் இடத்திற்கு நாம் இன்று வழங்கும் பெயரும் அதுவே.

அழகர்மலைக் குகையிற் கொடையாளர் வரிசையைக் காணுங்கள். உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பாணித வணிகன் எனத் தொழிற்பெயர்கள் வருகின்றன. கொழு என்பது ஏரின் இரும்பு முனை. அறுவை என்பது துணி. பாணிதம் என்பது கருப்பஞ்சாற்றுப் பாகு. ஒரு சந்தையே அப்பாறையில் எழுதப்பட்டிருக்கிறது எனலாம். கரூருக்கு அருகே புகலூர்க் குன்றிலும் கருவூர்ப் பொன்வணிகன், எண்ணெய் வணிகன் ஆகியோரின் கொடைகள் காணப்படுகின்றன. மேலைக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே காவிரி நோக்கி வந்த வணிகப்பாதையில் அமைந்த பேரூர் கரூர். அங்கே உரோமானியக் காசுகள் கிடைத்திருப்பதும் இதற்குச் சான்று.

சிலப்பதிகாரமும் இவ்வுண்மையைக் காட்டுகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து காவிரிக்கரை வழியே நடந்து, உறையூரைக் கடந்து தென்திசை செல்கின்றனர். கொடும்பைக் குளக்கரையில் வழி மூன்றாகப் பிரிவதை மறையோன் ஒருவன் எடுத்துரைக்கிறான். இடப்பக்கத்து வழி திருமால் குன்றமாகிய அழகர்மலையை அடுத்துச் செல்வது. வணிகன் மகனும் அறவியும் ஒரே பாதையில் உடன் நடந்தனர் என்பது கருதத்தக்கது.

இருவர்க்கும் ஒரே வழி

காரணம் அரிதன்று. நம் முனிவர் வாகனம் ஏறார், கால்நடையாகவே செல்வர். ஓரிடத்தில் நிலையாகத் தங்கார். மழைக்காலத்தில் மட்டும் உயிர்க்கொலை நேராதிருக்க ஓரிடத்திற் தங்குவர். இல்லறத்தார் அளிக்கும் உணவையே ஏற்பர். எனவே ஊரின் இரைச்சல் எட்டாததாகவும், ஊருக்கு நடந்து சென்று மீளத் தக்கதாகவும் உள்ள இடமே அவர்க்கு ஏற்றது. பெருவழியோரக் குன்றுகள் இவ்விரண்டிற்கும் பொருந்தின.

வணிகர்க்கும் அவ்வழியில் ஒரு பாடம் இருந்தது. சிராவகர்க்குரிய விரதங்களுள் திசைவிரதம் ஒன்று. இன்ன திசையில் இன்ன ஆறு வரை, இன்ன மலை வரை, இத்தனை யோசனை வரையே செல்வேன் என எல்லை வகுத்துக்கொள்வது அது. தொலைவு அறியாதவன் எல்லை வகுத்தல் இயலாது. எத்துணைத் தொலைவு செல்லலாம் என்பதைச் சாலை சொல்லும். எங்கே நிற்க வேண்டும் என்பதை விரதம் சொல்லும். பொருளீட்டச் சென்றவன், ஈட்டியதில் ஒரு பகுதியைக் கற்படுக்கையாக்கித் துறவியர்க்கு அளித்ததன் பொருளும் இதுவே.

நம் கடமை

ஈராயிரம் ஆண்டுகள் மழையையும் வெயிலையும் தாங்கிய குன்றுகள், கல்லுடைக்கும் வெடிக்குத் தாங்கா. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் கொண்ட அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதனையும் உட்கொண்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்காக 2024இல் ஏலம் நடைபெற்றது. சுற்றுவட்டார மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் ஒன்றிய அரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. அங்கே முன்னின்றவர் உழவரும் ஊர்ப்பெண்டிருமே. அவருட் பெரும்பாலோர் நம் சமயத்தார் அல்லர். நம் முன்னோர் படுக்கையைப் பிறர் காத்திருக்க, நாம் அதன் பெயரும் அறியாதிருத்தல் தகுமா?

வழிக்கற்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குன்றேனும் கண்ணுக்குத் தெரியும். சாலை அகலும்போது பெயர்த்தெறியப்படும் ஒரு கல்லை யார் தேடுவர்? எழுத்துத் தேய்ந்த கல்லைத் துணி துவைக்கும் கல்லாகவோ வாயிற்படியாகவோ கருதிவிடுதல் எளிது.

பயிற்சி

பெற்றோர் தம் பிள்ளைகளுடன் பின்வருவனவற்றைச் செய்க:

1. உங்கள் ஊர்ச் சந்தை எந்த நாளிற் கூடுகிறது அல்லது கூடியது? எவ்வெவ்வூரார் எவ்வழியே வந்தனர்? இல்லத்து முதியோரைக் கேட்டு எழுதுக.

2. ஊர் எல்லையிலும் குளக்கரையிலும் குழிகளோ எழுத்துகளோ உள்ள கல் உண்டா எனப் பார்க்க. இருப்பின் கழுவவோ சுண்ணமோ வண்ணமோ பூசவோ வேண்டா. இருந்த இடத்திலேயே படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க.

3. அடுத்த முறை குகைப்பள்ளிக்குச் செல்லுங்கால், குன்றின்மேல் நின்று கீழே ஓடும் சாலையைப் பிள்ளைக்குக் காட்டுக. 'இங்கே தங்கியவர் யார்? இக்கல்லை வெட்டித் தந்தவர் யார்?' என்று கேட்க. விடையைப் பிள்ளையே கூறட்டும்.