மாட்டுக்கு அடிக்கிற சீழ்க்கை

46 வயதில் எனக்கு வேலை போனது. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. பதினான்கு வருஷம் திண்டிவனத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்தேன். அடுத்த மூன்று மாதமும் அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் தினம் ஒரு உற்சாகப் பாட்டு அனுப்பினான். எல்லாமே மலையைப் புரட்டு, உலகத்தை ஜெயி என்கிற ரகம். நல்ல மனசோடுதான் அனுப்பினான். ஆனால், மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வழி தெரியாமல் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறவன் காதில் அதெல்லாம் வசவு மாதிரிதான் விழும்.

இப்போது விழுப்புரத்தில் ஒரு பம்ப்செட் கடையில் கணக்கு எழுதுகிறேன். போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல், தினமும் பஸ். அந்தப் பயணத்தில் நானே கேட்டுக் கேட்டுக் கண்டுகொண்டது இது: வயசு நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டால், 'எழுந்திரு' என்கிற பாட்டு மட்டும் போதாது. 'வலிக்குதா' என்று முதலில் கேட்கிற பாட்டு வேண்டும்.

நம்மிடம் அதற்கு 'மயக்கமா கலக்கமா' இருக்கிறது. 1962இல் 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த கவிஞர் வாலி, ஸ்ரீநிவாஸ் பாடிக்காட்டிய இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தங்கிவிட்டார். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டில் ஒரு அதட்டல் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்தான்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஜப்பானில் இதே குணத்தோடு ஒரு பாட்டு பிறந்திருக்கிறது. பழைய கம்பெனிக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஜப்பான்காரர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சீழ்க்கையடிப்பார். பெயர் கேட்டேன், தாளில் எழுதிக் கொடுத்தார். வேலை போனபிறகு ஒருநாள் பழைய டைரியில் அந்தத் தாள் கிடைத்தது. மகள்தான் போனில் தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்தாள். 'உஎ ஓ முயிதே அருகோ', அதாவது மேலே பார்த்தபடி நடப்போம். எய் ரொகுசுகே எழுத, நகமுரா ஹச்சிதாய் இசையமைக்க, சகமோதோ க்யூ 1961இல் பாடியது. 1963இல் அமெரிக்காவில் 'சுகியாகி' என்ற பெயரில் முதலிடம் பிடித்தது. கண்ணீர் கீழே விழாமல் இருக்க முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நடக்கிறான் ஒருவன். அவ்வளவுதான் பாட்டு. அர்த்தம் தெரியாமலேயே ஒரு வாரம் கேட்டேன். அதையே உங்களுக்கும் சொல்வேன்: புது மொழிப் பாட்டென்றால் முதலில் குரலை உள்ளே விடுங்கள், அர்த்தத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

மகள் காட்டிய இன்னொன்று 'ஒரேதாச்சி நோ அஷிதா', நம்முடைய நாளை. எலிஃபண்ட் காஷிமாஷி என்ற ராக் குழு 2007இல் பாடியது. 1988இல் முதல் ஆல்பம், 1994இல் ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தமே போய்விட்டது. விடாமல் பாடி மீண்டு வந்தார்கள். இதைப் பாடும்போது பாடகர் மியமோதோவுக்கு 41 வயது. இதில் டிரம்ஸ் அதிரத்தான் செய்கிறது, ஆனாலும் எனக்கு வசவாகப் படவில்லை. விழுந்து எழுந்தவன் கத்துகிறான் என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

காலையில் நான் கேட்பது ஸார்ட் குழுவின் 'மகெனாய்தே', 1993இல் வந்தது. தோற்றுவிடாதே என்று ஒரு பெண் குரல் சொல்லும். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் மனசு வேலைக்குத் தயாராகிவிடும். சாயங்காலம் அதைப் போடமாட்டேன். களைத்தவனுக்கு மெதுவான பாட்டுதான் சரி. மொத்தம் ஏழெட்டுப் பாட்டுக்கு மேல் போனில் வைத்துக்கொள்வதும் இல்லை. அழுகை வந்தால் ஒருமுறை கேட்டு நிறுத்திவிடுவேன். திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவே ஒரு பள்ளமாகிவிடும். ரோட்டைக் கடக்கும்போது இரண்டு காதிலும் இயர்போன் மாட்டாதீர்கள், ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் வருகிற வேகம் அப்படி.

2024 டிசம்பர், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த அடுத்த வாரம். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பில் ஏறிய பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஸ்கேன் கவர், வேட்டி ஓரத்தில் காய்ந்த சேறு. நெல் முழுக்கப் போச்சு, வீட்டில் அவளுக்கும் முடியவில்லை என்றார். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. 'மேலே பார்த்தபடி நடப்போம்' பாட்டைப் போட்டு, ஒரு காதிலிருந்த இயர்போனைக் கழற்றித் துடைத்து நீட்டினேன்.

வாங்கி வைத்துக்கொண்டார். பாட்டின் நடுவில் அந்தச் சீழ்க்கை வந்ததும் தலையைத் தூக்கினார்.

"என்னா பாட்டு தம்பி இது? ஒண்ணும் புரியலயே."

"ஜப்பான் பாட்டுங்க ஐயா."

"மாடு தண்ணி குடிக்கறப்ப நாம அடிப்பமே, அதே மாதிரி அடிக்கறான்."

விக்கிரவாண்டி தாண்டும்வரை பேசவில்லை. ஜன்னல் வழியே நீர் நின்ற வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, காதில் மாட்டியதைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பி, "அந்தச் சீழ்க்கை வர்ற எடத்த இன்னொரு தடவ போடு தம்பி" என்றார்.