வரப்புக்கு இடம் விட்டோமா?

மரக்காணத்தில் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தாய்மார்கள் பலர் உப்பளத்திலிருந்து நேராக வருவார்கள். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார்கள். "சேலையெல்லாம் உப்புத் தண்ணி டீச்சர், நாற்காலி வீணாப் போயிடும்" என்று சுவரோரம் தரையில் அமர்ந்துவிடுவார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கழற்றித் துவைக்கிற மாதிரி உறை இருந்தால் என்ன? ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை அப்படித்தான் துணியில் தொடங்கினேன்.

துணிக்குச் செலவில்லை. தையற்கடையில் ரவிக்கை வெட்டிய மிச்சம் மூட்டையாகக் கிடந்தது. வீட்டிலிருந்து வந்த பழைய சேலைகளை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினோம். உப்பு தங்கிய துணி காற்றின் ஈரத்தை இழுக்கும், ஊசி துருப்பிடிக்கும். பருத்தியை முன்பே நனைத்துக் காயவைப்பதும் அவசியம். தைத்த பிறகு சுருங்கினால் பக்கத்துப் பாலியெஸ்டர் துண்டையும் சேர்த்து இழுத்துவிடும். தேரில் தொங்கும் தொம்பையும் துண்டுத் துணிகளை வைத்துத் தைத்ததுதான் என்றதும் பிள்ளைகளுக்கு வேலையில் மதிப்பு வந்தது.

நாற்காலியின் இருக்கை 40 செ.மீ. சதுரம். 10 செ.மீ. சதுரத் துண்டுகள் எத்தனை வேண்டும்? பதினாறு என்று வகுப்பே சொன்னது. நானும் சரி என்றேன். வெட்டி, ஒவ்வோர் ஓரத்திலும் 1 செ.மீ. விட்டுக் கையால் பின்தையல் போட்டு இணைத்தார்கள். நாற்காலியில் விரித்தால் 34 செ.மீ.தான் வந்தது. சுற்று ஓரத்தையும் மடித்தால் 32. இரண்டு நாள் உழைப்பு. சிலர் என்னைத்தான் பார்த்தார்கள். பார்க்க வேண்டியதும் என்னைத்தான்.

கணக்கு வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி கடைசி வரிசையிலிருந்து கேட்டாள்: "டீச்சர், வரப்புக்கு எடம் விட்டோமா?"

அவள் அப்பா உப்பளத் தொழிலாளி. பாத்தி கட்டினால் வரப்பும் நிலத்தைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியும். கரும்பலகையில் அவளையே வரையச் சொன்னேன். 10 செ.மீ. துண்டில் இருபுறமும் வரப்புப் போக மிஞ்சுவது 8. அப்படியானால் வரிசைக்கு ஐந்து; 5 × 8 = 40. இன்னும் ஒன்பது துண்டு சேர்த்தால் போதும், பிரிக்க வேண்டியதில்லை. அதையும் அவளே சொன்னாள்.

அடுத்த வாரம் முழுவதும் இந்த வரப்பிலேயே ஓடியது. தைத்த பின் 10 செ.மீ. வேண்டுமானால் 12 செ.மீ. வெட்ட வேண்டும். 144 ச.செ.மீ. துணியில் 44 உள்ளே மறைகிறது. ஏறக்குறைய 31 சதவீதம். தைத்த பின் 20 செ.மீ. வேண்டுமானால் 22 வெட்ட வேண்டும். 484-ல் 84 மறைகிறது, 17 சதவீதம்தான். பாத்தி சிறுத்தால் வரப்புக்குப் போகும் பங்கு கூடும் என்று பிள்ளைகளே முடிவுக்கு வந்தார்கள். சதவீதத்தை இதற்கு முன் இவ்வளவு சுலபமாக நான் நடத்தியதில்லை. தொடக்கப்பள்ளியில் இதையே காகிதச் சதுரங்களை ஒட்டவைத்துச் செய்யலாம், ஊசி வேண்டாம்.

அடியில் 42 செ.மீ. சதுரமாகப் பழைய சேலைத் துணி வைத்துத் தைத்து, உள்வெளியாகத் திருப்பி, நான்கு மூலையிலும் கட்ட நாடா வைத்தோம். மொத்தம் ஆறு உறைகள்.

அடுத்த கூட்டத்தில் அந்த மாணவியின் அம்மா உறையின் ஓரத்தைத் தூக்கி, உட்புறத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "இது எம்பொண்ணு போட்டதா?" என்றார். ஆமாம் என்றேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.